டேஷ் என்றொரு கதாநாயகன்

பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கும் ஆசிரியர்களிடையே ‘காமன் பாராகிராஃப்’ என்றொரு சரக்கு புழங்குகிறது. வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. உள்ளே இருப்பவர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஒரே பத்தி, எந்தப் பாடத்துக்கும் பொருந்தும். பறக்கப் பயந்து பாறை விளிம்பில் உட்கார்ந்திருக்கும் கடற்பறவைக் குஞ்சின் கதைக்கும் அதுதான். நடுராத்திரியில் வீட்டுக்குள் பேய் வந்துவிட்டதாகக் குடும்பமே அமர்க்களப்படும் ஜேம்ஸ் தர்பரின் கதைக்கும் அதுதான். ‘இந்தக் கதை இன்னாரைப் பற்றியது. ஆசிரியர் இதை அழகாகச் சொல்லியிருக்கிறார். இன்னார் நல்ல குணம் படைத்தவர். இன்னாருக்கு ஒரு சோதனை வந்தது. இன்னார் மனம் தளரவில்லை. கடைசியில் வெற்றி கிடைத்தது. நமக்கும் இது நல்ல பாடம்.’ இதை ஆங்கிலத்தில் உருப்போட்டு, இன்னார் என்ற இடத்தில் மட்டும் பெயரை மாற்றினால் 5 மதிப்பெண் கேள்விக்கு இரண்டோ மூன்றோ விழும். தேறுமா தேறாதா என்று ஊசலாடும் பிள்ளைக்கு அது பெரிய தொகை.

இதை எழுதிப் போட்டு மனப்பாடம் செய்ய வைத்தவர்களில் நானும் ஒருத்தி. பத்தாம் வகுப்போடு நிறுத்தியிருந்தால்கூட இவ்வளவு உறுத்தாது. ஆறாம் வகுப்புவரை அதைக் கீழே இறக்கினேன்.

ஓர் அரையாண்டுத் தேர்வு. ஒரு பையனின் விடைத்தாள், ‘தி ஸ்டோரி இஸ் அபௌட் டேஷ். டேஷ் இஸ் எ குட் பெர்சன்’ என்று ஆரம்பித்தது. முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது. வகுப்பில் அந்தப் பத்தியைச் சொல்லச் சொல்ல எழுத வைத்தபோது, பெயர் நிரப்ப வேண்டிய இடம் வரும்போதெல்லாம் ‘டேஷ்’ என்று சொல்லியிருக்கிறேன். அவன் அதைக் கதாநாயகனின் பெயர் என்று எடுத்துக்கொண்டான். டி, ஏ, எஸ், எச். சிறப்புப் பெயர்ச்சொல் என்பதால் முதல் எழுத்தைக் கேப்பிட்டலில் வேறு போட்டிருந்தான். அந்த இலக்கணத்தையாவது நான் ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பத்தி முழுக்க ஒரு பிழை கிடையாது. டேஷுக்குச் சோதனை வருகிறது, டேஷ் மனம் தளரவில்லை, டேஷ் ஜெயிக்கிறான். இரண்டு மதிப்பெண் போட்டேன். ஸ்டாஃப் ரூமில் சொல்லிச் சிரித்தோம். பயிற்சிக்குப் போன இடங்களிலும் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். வருஷக்கணக்கில் அது எனக்கு அவனைப் பற்றிய ஜோக்காகவே இருந்தது.

எங்கள் பள்ளி வண்டலூர்–வாலாஜாபாத் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரகடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அரசு உயர்நிலைப் பள்ளி. பெயர் வேண்டாம், பள்ளியின்மேல் குற்றமில்லை. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹுண்டாய் கார் தயாராக ஆரம்பித்ததிலிருந்து இந்தப் பக்கத்து ஊர்கள் மாறிக்கொண்டேயிருக்கின்றன. 2006-இல் நோக்கியா வந்தது, 2014 நவம்பரில் மூடிப்போனது. அங்கே செல்போன் பூட்டிய அக்காக்களின் பிள்ளைகள் எங்களிடம் படித்தார்கள். 2010-இல் ஒரகடத்தில் ரெனால்ட்–நிசான். பிறகு லாரி, பைக், டயர், அவற்றுக்கெல்லாம் உதிரி செய்துகொடுக்கும் சின்னச் சின்னக் கம்பெனிகள். நிலத்தை சிப்காட்டுக்குக் கொடுத்த உள்ளூர்க்காரர் வீட்டுப் பிள்ளையும், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கமிருந்து வந்து லைன் வீட்டில் வாடகைக்கு இருப்பவர் பிள்ளையும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தமிழைத் தெருவில் கற்றுக்கொண்ட பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள்.

இவர்களுக்கு நான் எழுதிப் போட்ட ‘மை வில்லேஜ்’ இப்படி இருந்தது: என் கிராமத்தைச் சுற்றிப் பச்சை வயல்கள், பக்கத்தில் ஆறு, மக்கள் விவசாயம் செய்து மகிழ்ச்சியாக வாழ்கிறார்கள். கைடிலிருந்து எடுத்தது. வயல் இருந்த இடத்தில் காம்பவுண்டுச் சுவர் ஓடுகிறது. வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்கள் 18,720 பேர் தங்கும் விடுதி எழும்பி, 2024-இல் திறப்புவிழாவும் ஆயிற்று. எங்கள் பிள்ளைகளின் நோட்டில் மட்டும் ஆறு வற்றவேயில்லை. ‘மை ஃபாதர்’ என்றால் அப்பா விவசாயி, விடிகாலையில் எழுந்து மாடுகளோடு வயலுக்குப் போவார். அப்பா இல்லாத பிள்ளையும் அதைத்தான் எழுதியது. 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் சங்கத்துக்கு அங்கீகாரம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரு மாதத்துக்கு மேல் நடந்தது. டீக்கடையில், பஸ்ஸில், வீட்டில் எங்கும் அதே பேச்சு. நான் போர்டில் ‘தீபாவளி’க்குப் பத்தி எழுதிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பாடம் தயார் செய்யாமல் போன ஒருநாள், ஆறாம் வகுப்பில், ‘அப்பாவப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல எழுதுங்க’ என்று சொல்லிவிட்டு ரெஜிஸ்டரை முடிக்க உட்கார்ந்தேன். ஒரு பெண் எழுதியது இது:

‘மை ஃபாதர் நைட் கம். ஆயில் ஸ்மெல் கம். ஹீ டச் மை ஹெட். ஐ நாட் ஓபன் ஐ. மார்னிங் ஹீ ஸ்லீப், ஐ கோ ஸ்கூல்.’

இலக்கணம் பூஜ்யம்தான். ஆனால் செகண்ட் ஷிஃப்ட் முடிந்து வரும் மனிதர் இதில் இருக்கிறார். குளித்தாலும் போகாத கூலன்ட் ஆயில் வாசனை இருக்கிறது. தூங்குவதுபோல் நடிக்கும் பிள்ளை இருக்கிறது. ஒரே வீட்டில் இருந்தும் அப்பாவும் மகளும் முகம் பார்த்துக்கொள்வதில்லை என்ற சங்கதியைக் கடைசி வரிக்கு வைத்திருக்கிறாள். எதை முன்னால் சொல்வது, எதைப் பின்னால் நிறுத்துவது என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருக்கிறது. நான் ஐந்துக்கும் கீழே சிவப்புக் கோடு இழுத்தேன். ‘டாபிக் சென்டென்ஸ் எங்கே?’ என்று கேட்டேன். ஓரத்தில் ‘காப்பி தி கரெக்ட் பாராகிராஃப்’ என்று எழுதி, கைடுப் பத்தியை மூன்று தடவை எழுதிவரச் சொன்னேன். மறுநாள் அவள் அப்பா விவசாயி ஆகிவிட்டார்.

ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டால் ரிசல்ட்டைக் கைகாட்டலாம். ரிசல்ட் வந்ததும் கூட்டம் போடுவார்கள். பாடவாரியாகத் தேர்ச்சி விழுக்காடு திரையில் வரும். சரிந்துபோன பாடத்தின் ஆசிரியர் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். நானும் நின்றிருக்கிறேன். உடம்பே கூசும். ஆனால் ஆறாம் வகுப்புக்கு ஏது பொதுத்தேர்வு? அங்கே என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

நிஜக் காரணங்கள் அதைவிட அற்பமானவை. நாற்பது பிள்ளைகள் சொந்தமாக எழுதினால் நாற்பது நோட்டிலும் வேறு வேறு பிழை இருக்கும். ஒவ்வொன்றையும் வாசித்தாக வேண்டும். எல்லோரும் ஒன்றையே எழுதினால் பக்கத்தைப் பார்க்காமலே டிக் அடிக்கலாம். ஒரு பீரியடில் கட்டு முடிந்துவிடும். சோம்பல் ஒன்று. இன்னொன்றைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. எனக்கே ஆங்கிலத்தில் ஒரு பத்தி சொந்தமாக எழுத வராது. தமிழ் மீடியத்தில் படித்து, பி.ஏ. ஆங்கில இலக்கியத்தைக் கைடு வைத்துத் தேறி, பி.எட். முடித்து, போட்டித்தேர்வு எழுதி வேலைக்கு வந்தவள். வாசித்தால் புரியும், இலக்கணம் கேட்டால் சொல்வேன், பேச்சையும் சமாளிப்பேன். வெள்ளைத் தாளைக் கொடுத்து எழுது என்றால் கை ஓடாது. பிள்ளை சொந்தமாக எழுத ஆரம்பித்தால் எனக்குத் தெரியாத சொல் ஏதாவது வந்து நிற்கும். வந்தும் இருக்கிறது. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கைடை மீறி வெல்டிங் பற்றி ஒரு வரி சேர்த்திருந்தான். அதில் ‘ஸ்பேட்டர்’ என்று இருந்தது. ஸ்பெல்லிங் பிழை என்று நினைத்து அடித்துவிட்டு ‘ஸ்கேட்டர்’ என்று திருத்தினேன். வெல்டிங்கில் தெறித்து ஒட்டிக்கொள்ளும் உலோகத் துளிக்கு ஸ்பேட்டர் என்றுதான் பெயர், அதைச் சுரண்டி எடுப்பதுதான் அவன் அப்பாவின் வேலை என்று பிற்பாடு தெரிந்தது. பையன் வாயே திறக்கவில்லை. மிஸ் திருத்தினால் சரியாகத்தானே இருக்கும்.

2019-இல் வந்த பத்தாம் வகுப்புப் பாடநூலில் ருட்யார்ட் கிப்ளிங்கின் ‘தி சீக்ரெட் ஆஃப் தி மெஷின்ஸ்’ இருக்கிறது. 1911-இல் வெளிவந்த பாட்டு. எந்திரங்களே பேசுகின்றன: எந்த வேலையும் கொடு, செய்கிறோம், எங்களிடம் தயவு தாட்சண்யம் மட்டும் எதிர்பார்க்காதே. இந்தப் பாட்டுக்கு எங்கள் வகுப்பைவிடப் பொருத்தமான வகுப்பு எங்கே கிடைக்கும்? நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு பையன் எழுந்து, ‘எங்கப்பாவுக்கு இந்த விரல் பாதிதான் மிஸ் இருக்கு’ என்று தன் விரலைக் காட்டினான். அப்பா ஒரு சின்னக் கம்பெனியில் பிரஸ் ஓட்டுகிறவர். எப்படி ஆயிற்று என்று கேட்டேன். அவன் சொன்னது ஏறக்குறைய இப்படி:

‘பிரஸ்ஸுக்கு ரெண்டு பட்டன் இருக்கும் மிஸ். ரெண்டு கையாலயும் அமுக்குனாத்தான் மேலேர்ந்து இறங்கும். அப்பத்தான் கை உள்ள இருக்காது. ஒரு பட்டன டேப் போட்டு ஒட்டிட்டா ஒரு கையே போதும், பீஸ் சீக்கிரம் போகும். அன்னைக்கு டார்கெட் ஜாஸ்தி. ஒட்டி வெச்சிருக்காங்க. பீஸ எடுக்க அப்பா கைய விட்டாரு. மெஷினுக்குத் தெரியாதுல்ல மிஸ்.’

கிப்ளிங் சொல்ல வந்ததைத்தான் அந்தக் கடைசி வரியில் அவன் சொன்னான். பாதுகாப்பு எப்படி வேலை செய்யும், அதை ஏன் கெடுத்தார்கள், அதற்கு மேல் என்ன நெருக்கடி, பிறகு என்ன நடந்தது: அடுக்கு குலையாத ஒரு முழுப் பத்தி. வரி வரியாகக் கேட்டு எளிய ஆங்கிலத்தில் போர்டில் ஏற்றியிருந்தால் வகுப்பே சேர்ந்து எழுதியிருக்கும். நான் ‘சரி, உக்காரு. இதெல்லாம் எக்ஸாம்ல வராது’ என்றேன். இன்னார் என்ற இடத்தில் ‘மெஷின்ஸ்’ என்று நிரப்பச் சொன்னேன். மெஷின் நல்ல குணம் படைத்தது என்று அந்தப் பையனும் எழுதினான்.

பழி போட ஆள் தேடினால் கிடைப்பார்கள். பத்தியின் முதல் வாக்கியத்திலேயே மையக் கருத்தைச் சொல்லிவிட வேண்டும், மற்றவை அதைத் தாங்க வேண்டும் என்பது ஸ்காட்லாந்துக்காரரான அலெக்ஸாண்டர் பெய்ன் 1866-இல் எழுதிய புத்தகத்தின் வழியாக உலகமெங்கும் பரவிய விதி. பி.எட்.டில் எங்களுக்கு அது வேதவாக்கு. 1974-இல் ரிச்சர்ட் பிராடக் என்ற அமெரிக்கப் பேராசிரியர், பெயர்பெற்ற பத்திரிகைகளில் வந்த கட்டுரைகளை எடுத்துவைத்துப் பத்தி பத்தியாக ஆராய்ந்தார். மையக் கருத்தோடு தொடங்கிய பத்திகள் 100-க்குச் சுமார் 13தான் தேறின. எழுதிப் பிழைக்கிறவர்களே பின்பற்றாத விதியைச் சொல்லித்தான் ‘மை ஃபாதர் நைட் கம்’ என்று தொடங்கியவளை நான் மடக்கினேன்.

நம்மூரிலேயே ஒரு வரலாறு உண்டு. 1960-ஐ ஒட்டிய வருஷங்களில், அன்றைய சென்னை மாநிலத்தில் தொடக்கநிலை ஆங்கிலம் எடுக்கும் 27,000 ஆசிரியர்களுக்குப் புதிதாகப் பயிற்சி கொடுக்கும் பெருமுயற்சி ஒன்று நடந்தது. ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ என்று அதற்குப் பெயர். ஒரு வாக்கிய அமைப்பை எடுத்துக்கொண்டு சொல்லை மட்டும் மாற்றி மாற்றிச் சொல்ல வைப்பது அந்தக் காலத்து முறை. காமன் பாராகிராஃபுக்கு அது பாட்டி. ஆனால் அந்த முறை போதாது என்று கண்டு, பிரிட்டிஷ் கவுன்சிலின் சென்னை அலுவலகத்தில் இருந்த என்.எஸ்.பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சாதாரணப் பள்ளிக்கூடங்களில் வேறொன்றைச் செய்து பார்த்தார். ரயில் அட்டவணை, ஊர் வரைபடம் மாதிரி எதையாவது கொடுத்து விடை கண்டுபிடிக்கச் சொல்வது. பிள்ளையின் மனசு விடையில் இருக்கும்போது மொழி தன்போக்கில் வந்து ஒட்டிக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. எங்கள் ஊர் கம்பெனி பஸ் நேரங்களை வைத்துக்கொண்டே ஒரு பருவம் முழுக்க நடத்தலாம். பி.எட். தேர்வில் பிரபுவைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. கைடில் இருந்ததை உருப்போட்டு எழுதி நல்ல மார்க் வாங்கினேன்.

ஒரகடம் ஜங்ஷனில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பழைய மாணவன் ஒருவன் வந்து பேசினான். டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் இருக்கிறான். காமன் பாராகிராஃபை எழுத்துப் பிசகாமல் எழுதுவான். என் வெற்றிகளில் ஒருவன் என்று நினைத்திருந்தேன். பேச்சுவாக்கில் கைசன் ஷீட் பற்றிச் சொன்னான். வேலையைச் சுலபமாக்க யாருக்காவது யோசனை தோன்றினால் ஒரு படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும்: என்ன சிரமம், எதனால், என்ன மாற்றினோம், என்ன லாபம். உதிரிப் பாகங்கள் வரும் ட்ரேயைச் சற்று உயர்த்திச் சாய்த்து வைத்தால் ஆயிரம் தடவை குனிய வேண்டாம் என்று இவனுக்குத் தோன்றியிருக்கிறது. லைன் லீடரிடம் வாயால் சொன்னான். லீடர் அதைத் தன் பெயரில் எழுதிக் கொடுத்துப் பரிசு வாங்கிக்கொண்டார்.

‘நீயே எழுதியிருக்கலாமேடா. இங்கிலீஷ்லதான் எழுதணுமா?’

‘இல்ல மிஸ், தமிழ்லயும் எழுதலாம்.’

‘அப்புறம் என்ன?’

‘எழுத வரல மிஸ். மாடல் எதுவும் குடுக்கலையே.’

ஆங்கிலம் வரவில்லை என்று அவன் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அந்த நாலு கேள்விக்கும் அவனிடம் பதில் இருந்தது; எனக்கே நின்ற நிலையில் விளக்கிச் சொன்னான். வாயில் இருப்பது தாளுக்கு வரலாம் என்ற எண்ணமே அவனுக்கு இல்லை. தாளில் எழுதுவது என்றால் யாரோ முன்பே எழுதிவைத்ததை எழுதுவது என்று ஆறாம் வகுப்பிலிருந்து அவனைப் பழக்கியது நான்தான்.

அதற்குப் பிறகு ஆறாம், ஏழாம் வகுப்புகளில் கைடை எடுப்பதில்லை. நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த சில்வியா ஆஷ்டன்-வார்னர், பிள்ளை தன் வாயால் கேட்கும் சொல்லையே அட்டையில் எழுதிக்கொடுத்து வாசிக்கப் பழக்கியதாக ‘டீச்சர்’ என்ற புத்தகத்தில் எழுதியிருக்கிறார். 1963-இல் வந்த புத்தகம். அதிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். முதலில் தமிழில் பேச்சு. ஒடிசாப் பிள்ளை இந்தியும் தமிழும் கலந்து சொல்வதைப் பக்கத்திலிருப்பவள் எடுத்துச் சொல்வாள். நான் அதைச் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியமாகப் போர்டில் போடுவேன். பிறகு அவரவர் வீட்டுக்குத் தக்கபடி மாற்றி எழுதுவார்கள். பெரிய அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. ஒரு பீரியடுக்கு ஐந்து வாக்கியம் ஏறினால் அதிகம். போர்ஷன் பின்தங்குகிறது. சத்தம் தாங்காமல் அடுத்த வகுப்பு ஆசிரியர் வந்து எட்டிப் பார்க்கிறார். சொல் தெரியாதபோது பிள்ளைகள் முன்னாலேயே செல்போனை எடுத்துப் பார்க்கிறேன். ‘மிஸ்ஸுக்கே தெரியல’ என்று பின்பெஞ்சில் குரல் வருகிறது. திருத்துவதற்கு ஞாயிற்றுக்கிழமை போய்விடுகிறது. சில வாரம் பழைய சோம்பல் வந்து, எல்லோருக்கும் ஒரே பத்தியைப் போட்டுவிடுவதும் உண்டு.

பத்தாம் வகுப்பில் நான் மாறவேயில்லை. திருப்புதல் தேர்வு முடிந்ததும் மெல்லக் கற்போர் பட்டியல் எடுப்போம். பட்டியலில் வருகிறவர்களுக்கு அதே சரக்குதான். பத்தில் தேறாவிட்டால் பாலிடெக்னிக் கிடையாது. இந்தச் சாலையில் எந்தக் கம்பெனி கேட்டில் போய் நின்றாலும் முதலில் கேட்பது மார்க் ஷீட். விட்டுவிடலாமா என்று ஒருமுறை ஸ்டாஃப் ரூமில் கேட்டேன். மூத்த ஆசிரியர் ஒருவர், ‘உங்க மனசாட்சிக்காக அந்தப் பிள்ளை ஃபெயிலாகணுமா டீச்சர்?’ என்றார். எனக்குப் பதில் வரவில்லை. இப்போதும் இல்லை.

இந்த ஜனவரியிலும் எழுதிப் போட்டேன். மூன்றாவது வாக்கியம் போடும்போது ஒரு பெண் கையைத் தூக்கி, ‘மிஸ், கதையில அப்படி வரலையே’ என்றாள்.

‘பரவாயில்ல, எழுது’ என்றேன்.